நடுவில் விட்ட வழி

நவம்பர் 15, சனி. அல் கூஸ் லேபர் கேம்ப்.

இன்று ஒரு கூட்டத்துக்கு ஹால் தயார் செய்யும் டூட்டி. போரில் சொந்தங்களைப் பறிகொடுத்த இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து நடத்தும் குழு. நாற்காலிகளை ஒரே வட்டமாகப் போடச் சொல்லியிருந்தார்கள். நான்தான் வம்பு எதற்கு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து, நடுவில் அகலமாக வழி விட்டேன். கேம்ப்பில் ரூம்கூட நாடு பார்த்துத்தானே பிரிக்கிறார்கள்.

முதலில் இரண்டு பெண்கள் கைகோத்தபடி வந்தார்கள். மகனை இழந்த இஸ்ரேல்காரி ஒருத்தி, தம்பியை இழந்த பாலஸ்தீனப் பெண் இன்னொருத்தி. அந்த நடுவழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன் ஓடி வந்தார். "வட்டமாத்தானே போடச் சொன்னேன்? யாருப்பா இப்படிப் போட்டது?"

"ரஃபீக்தாண்ணே."

வாயில் அப்படித்தான் வந்தது. ஆறு வருஷமாக என்னோடு டூட்டி பார்க்கும் பாகிஸ்தான்காரன் ரஃபீக் பக்கத்திலேயே நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தன் பெயர் காதில் விழுந்ததும், அண்ணன் இந்தியில் கத்தியதும் எல்லாம் புரிந்துவிட்டது. குனிந்து நாற்காலிகளை இழுக்க ஆரம்பித்தான். அந்தப் பெண்களும் ஆளுக்கொன்றாக இழுத்துப் போட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று அருகே போனேன். "கோயி பாத் நஹி பாய், யல்லா" என்றான்; பரவாயில்லை, வா வேலையைப் பார்ப்போம் என்று ஒரு நாற்காலியை என் கையில் கொடுத்தான்.

திரும்பும்போது வேனில், எப்போதும்போல தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நான் பார்க்காததுபோல முன்னால் போய் முருகேசன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.