உன் அறைக்கு வந்த அன்னக்கட்டில்

என் வாயாடி ஜெபாவுக்கு,

உன் அறையை மாற்றியது நான்தான். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்காமலே போன நாளிலிருந்து பூட்டிக் கிடந்த அந்த மாடி அறையை, உன் அண்ணன் டேனியலின் கல்யாணத்துக்காகத் திறந்தார்கள். சாவியை என் கையில் கொடுத்தவர் உன் அப்பா. வீட்டு உள்ளலங்காரம் படித்துவிட்டு, ஒரு வேலையும் அமையாமல், சங்கரன்கோவில் தெருக்களில் அடுத்தவர் ஜன்னல்களை வேடிக்கை பார்த்துத் திரிந்த எனக்கு முதல் வேலையாக உன் அறைதானா வாய்க்க வேண்டும்?

சர்ச்சில் ஓலை வாசித்து டேனியலின் கல்யாணத்தை அறிவித்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டு அனுப்பினார்கள். உன் அப்பா எப்போதும் போலச் சுருக்கமாகச் சொன்னார். "சாமான் எல்லாம் நம்ம பெயின்ட் கடையிலயே எடுத்துக்கம்மா. கல்யாணத்துக்கு முன்ன முடிச்சிரு." அவ்வளவுதான். ஆனால் உன் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"கோமு, அந்த ரூமுக்குள்ள என்னால கால் வைக்க முடியலட்டி. வாசல் வரைக்கும் போறேன், அதுக்கு மேல கால் வர மாட்டேங்கு. நாளைக்கு ஒரு பிள்ளை வந்து அங்கன இருக்கப் போறா. ஒரு காப்பி கொண்டு குடுக்கணும்னாலும் நான் வாசல்லயே நின்னேன்னா அவ என்ன நினைப்பா? நான் உள்ள போற மாதிரி ஆக்கிக் குடு."

எந்தப் பாடத்தில் ஜெபா இதற்குப் பதில் இருக்கிறது? அறைக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும் என்றெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு தாயின் கால் உள்ளே வர வேண்டும் என்றால் என்ன செய்வது? சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, உன்னைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ரசனை என்று ஏதாவது இருந்தால் அது நம் இரண்டு பேருடைய கூத்தில் வந்ததுதான். உன் அப்பா கடையிலிருந்து ஷேடு கார்டைத் தூக்கிக்கொண்டு வருவாயே. விசிறி போல விரியும் அந்த நிறப் பட்டைகளை வைத்துக்கொண்டு ஊரையே நிறம் பார்த்தோம். வற்றல் மிளகாய்க்கு எது, மழைக்கு முந்திய வானத்துக்கு எது, தலைமை ஆசிரியையின் வெள்ளிக்கிழமைச் சேலைக்கு எது என்று. அவர் முதுகுக்குப் பின்னால் கார்டைப் பிடித்து மாட்டிக்கொண்டதும் நீதான், "டீச்சர், உங்க சேலை மாதிரி எங்க கடையில பெயின்ட்டே இல்லை" என்று சொல்லித் தப்பித்ததும் நீதான். எருமைக் கன்றின் மூக்குக்கு மட்டும் கடைசி வரை நிறம் கிடைக்கவில்லை. அந்த ஈரக் கறுப்பைப் பார்த்து நாம் மலைத்துப்போய் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஒரு தடவை கோவிலுக்குப் போய்விட்டு வந்து சங்கரநாராயணரைப் பற்றி உன்னிடம் சொன்னேன். ஒரே மேனியில் ஒரு பாதி சிவன், மறு பாதி பெருமாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் கிரீடம். நீ பயபக்தியெல்லாம் இல்லாமல் கேட்டாய்: "ஜாயின்ட் எங்கனட்டி இருக்கு?" பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமி. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் அதைத் தேடுவதற்காகவே போனேன். கூட்டம் தள்ளத் தள்ள நின்று பார்த்தேன். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஜெபா. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்கிற எண்ணம் அன்றைக்கே என்னை விட்டுப் போனது.

கடையநல்லூரில் ஒரு துபாய்க்காரர் வீட்டு விருந்துக்கு உன் அப்பாவோடு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கூடத்தில் தொங்கிய சரவிளக்கைப் பார்த்து வாயைப் பிளந்த நான் மூடவே இல்லை. நீ என் தாடையைத் தட்டி மூடிவிட்டு, "இங்கன எல்லாரும் ஏன் மெதுவாப் பேசுதாவன்னு பாரு" என்றாய். பார்த்தேன். அத்தனை பெரிய கூடத்தில் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. பின்கட்டில் சாதாரணப் பச்சைச் சுவரும் விரித்த பாயுமாக இருந்த சின்ன அறையில்தான் பெண்கள் எல்லாரும் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகுக்கும் இருப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அன்று புரிந்தது. என்ன என்றுதான் புரியவில்லை.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உன் அறையைத் திறந்தேன். ஜன்னல் கிழக்கே, கதவு மேற்கே. கதவு இருக்கிற அந்த மேற்குச் சுவர் முழுக்க நீ பூசி வைத்த திட்டுகள். கடையில் மிஞ்சிய டப்பாவெல்லாம் கொண்டுவந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, தட்டு அகலத்துக்கு ஒன்று என்று ரோஜாவும் பச்சையும் மஞ்சளும் அப்பி வைத்திருந்தாய். இதை அப்படியே விடலாமா என்று யோசித்தேன். விட்டால் உன் அம்மா ஒருநாளும் உள்ளே வர மாட்டார். வரப்போகிற பெண்ணும் பாவம், உன் சுவரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். ஆகவே வெள்ளை அடித்தேன். பெயின்டர் அண்ணாச்சியை ஜன்னல் பக்கம் அனுப்பிவிட்டு அந்தச் சுவரை மட்டும் நானே அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன்.

இரண்டாம் பூச்சு காய்ந்த அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவர் மெல்ல ரோஜா நிறமானது. தாழம்பூவின் மஞ்சளோ மாலை வெயிலின் செம்மையோ இல்லை, நல்ல ரோஜா. பெயின்ட் கெட்டுப்போனதோ என்று பதறி எழுந்து தொட்டேன். என் கையும் ரோஜா. திரும்பிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே தறிக்காரர் வீட்டு மொட்டை மாடியில் சாயம் தோய்த்த நூலை வரிசை வரிசையாகக் காயப் போட்டிருக்கிறார்கள். மேற்கே இறங்கிய வெயில் அதன்மேல் அடித்து, அதன் நிறத்தை அள்ளி உன் அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மஞ்சள். அதற்கு மறுநாள் நூல் இல்லை, சும்மா வெள்ளை. அடுத்து வந்தது ஒரு நீலம். அதை எந்த ஷேடு கார்டிலும் காட்ட முடியாது. எத்தனையோ மதியங்கள் நாம் அந்த அறையில் உருண்டு கிடந்திருக்கிறோமே, ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லையே! நான் என்ன அலங்காரம் செய்ய? அந்தச் சுவரின் முன்னால் நான் ஒன்றுமே இல்லை என்று இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

உன் அம்மாவைக் கூப்பிட்டேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியே நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் தெரியும், அந்தச் சுவர் தெரியாது; கதவே அந்தச் சுவரில்தானே இருக்கிறது. "ஒரு எட்டு உள்ள வந்து திரும்பிப் பாருங்க அத்தை" என்று கெஞ்சினேன். "இங்கன இருந்தே நல்லாத் தெரியுது" என்று டீயை நீட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சரி, கல்யாணத்துக்குள் வந்துவிடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவரைப் பார்த்தபடி படுக்கிற மாதிரி, தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு கட்டிலை ப்ளைவுட்டில் அடித்து, தரையில் ஸ்குரூ போட்டு இறுக்கினோம். அலமாரி சுவருக்குள். விளக்கு கண்ணில் குத்தாமல். உண்மையாகச் சொல்கிறேன், போனில் நான் பார்த்து ஏங்கிய படங்கள் எல்லாம் அதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும். அவ்வளவு அழகு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் வாசலில் மினி லாரி வந்து நின்றது. பெண் ரூபிக்கு இளையரசனேந்தல் பக்கம். மானாவாரி வெள்ளாமைக் குடும்பம். அவள் அப்பா சீர் கொண்டு வந்திருந்தார். பாத்திரம், பீரோ, மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டில். தலைமாட்டுப் பலகை என் உயரத்துக்கு இருந்தது. அதில் எதிரெதிராக இரண்டு அன்னங்கள், நடுவில் ஒரு தாமரை, எல்லாம் பளபளவென்று மெருகு போட்டு.

சீரில் கட்டில் வரும் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததுதானே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கோ அது தோன்றவே இல்லை. நான் பார்த்த படங்களில் எந்தப் பெண்ணும் கட்டிலோடு கல்யாணமாகி வரவில்லையே! நீ இருந்திருந்தால் அன்றைக்கு என்னை ஓட்டி எடுத்திருப்பாய்.

அறையை எட்டிப் பார்த்த ரூபியின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மாடியில கட்டில் போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார் உன் அப்பாவிடம், கோபமே இல்லாமல். யாரோ, கட்டிலைக் கீழே கூடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவர் தலையை ஆட்டினார். "அப்படியே செய்ங்க. அந்த அன்னம் மட்டும் உடையாமப் பாத்துக்கிடுங்க. அது ரூபி வரைஞ்சு குடுத்தது. ஆசாரிக்கிட்ட போய் நின்னு நின்னு செதுக்க வச்சா."

நான் அன்னங்களைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றின் மூக்கு வாத்து மூக்கு. மற்றதின் கழுத்து கொஞ்சம் நீளம். ஜெபா, அந்த அறையில் வாழப் போகிற பெண் ஏற்கெனவே அதற்கென்று ஒன்று வரைந்திருக்கிறாள். நான் சுவரைக் கேட்டேன், வெயிலைக் கேட்டேன், செத்துப்போன உன்னைக்கூடக் கேட்டேன். உயிரோடு போன் நம்பரோடு இருக்கிற அவளைக் கேட்கவில்லை.

"டேனியல் அண்ணே, ஸ்குரூ டிரைவர் எடுங்க" என்றேன். என் கட்டிலின் முதல் ஸ்குரூவை நான்தான் கழற்றினேன்.

அன்னக்கட்டிலை மாடி ஏற்றியது பெரிய கதை. படி திரும்புகிற இடத்தில் தலைமாட்டுப் பலகை சிக்கிக்கொண்டது. ரூபியின் அப்பா ஒரு முனை, டேனியல் ஒரு முனை, பெயின்டர் அண்ணாச்சி நடுவில், நான் ஜன்னல் பக்கம் நின்று வழி சொல்லிக்கொண்டு. உன் அம்மா வாசல்படிக்கு வெளியே நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கொண்டுவந்து பலகையைத் திருப்பும்போது வாத்து மூக்கு அன்னம் நேரே அந்த வெள்ளைச் சுவரை நோக்கிப் போனது.

"சுவர்ல உரசுது! ஏட்டி கோமு, மசமசன்னு நிக்கியே, சுவர்ல உரசுது பாரு!" என்று கத்திக்கொண்டே உன் அம்மா உள்ளே ஓடி வந்து, சேலை முந்தானையைச் சுருட்டி அன்னத்தின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையைக் கொடுத்தார்.

பலகையை மெதுவாக இறக்கினார்கள். அதற்குள் வெயில் மேற்கே இறங்கியிருந்தது; அன்றைக்குத் தறிக்காரர் வீட்டில் பச்சை நூல். உன் அம்மா சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "வெள்ளை அடிக்கேன்னு சொல்லிட்டுப் பச்சை அடிச்சிருக்கியே" என்றார்.

"வெள்ளைதான் அத்தை." ஜன்னலைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் நூலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடிவிடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "இது அவளுக்குத் தெரியுமாட்டி?" என்று கேட்டார்.

நீயே சொல். தெரிந்துதான் அந்தச் சுவரில் அப்படிப் பூசி வைத்தாயா?

கல்யாணம் நன்றாக நடந்தது. ரூபி ஒல்லி, பேச்சு குறைவு, உனக்கு நேரெதிர். ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது. அவள் சித்தி வீட்டில் அடுக்களையை மாற்ற வேண்டுமாம், என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று அதைப் பற்றிப் பேசத்தான் உன் வீட்டுக்குப் போனேன். கீழே யாரும் இல்லை. மாடியேறினேன். கதவு சாத்தியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினேன்.

"யாரது? திறந்துதான் இருக்கு, உள்ள வா" என்றது உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல்.

இனிமேல் அதை உன் அறை என்று சொல்ல மாட்டேன், ஜெபா. இது சத்தியம். அது ரூபியின் அறை. போகும்போதெல்லாம் தட்டிவிட்டுத்தான் போவேன்.

உன் அம்மா பெறாத பிள்ளை,
கோமு