பழ ஈ தின்னும் தவளைகள்

என் அன்ரனுக்கு, ஒரு வருடமாக ஒரு பதிலும் போடாத என் அன்பு மச்சானுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மற்றப் பக்கங்கள் நிரம்பிவிட்டன. ரொரன்ரோவிலிருந்து உன் சித்தப்பாவின் மகன் அனுப்பிய கவிதையில் நீ மூன்று இடத்தில் சிங்கம், ஓரிடத்தில் புயல். நீ சிங்கத்தை நேரில் பார்த்ததாக எனக்குத் தெரியாது. எட்டு வருடம் தவளைகளுக்குச் சாப்பாடு போட்டவன் நீ. அதை ஒருவரும் எழுதவில்லை. கவிதைக்குள் தவளை அழகாக உட்காராது என்று நினைத்திருப்பார்கள்.

வரும் வியாழக்கிழமை, உன்னைச் சுத்தியலால் அடித்தவனை நானும் உன் அக்கா றீற்றாவும் நேரில் சந்திக்கிறோம். இந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனையும் செத்தவரின் குடும்பத்தையும், நீதிபதி தண்டனை சொல்லுமுன், ஓர் அறையில் இருத்தி, தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக் கதைக்க விடுவார்கள். றீற்றா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறாளாம். "என்ர தம்பி ஏன் விலகிப் போகேல்லை?"

அவனுக்கு அதற்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன், சொல்லவில்லை.

முதலில் உனக்குச் செய்தி. போன மாதம் உன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். உன் மேலங்கியையும் தேநீர்க் கோப்பையையும் ஒரு காகிதப் பையில் போட்டுத் தந்தார்கள். உன் இடத்துக்கு ஒரு இளம்பெண் வந்திருக்கிறாள், நல்ல பிள்ளை. கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டினாள். ஊர் அதிகாரிகளின் பெயர்களை நீ வைத்த அந்த நீலத் தவளைகளில் விதானையார் சுகமாக இருக்கிறார். சங்கக்கடை மனேச்சர் இல்லை. விதானையார் அவரைக் கொன்றுவிட்டார். முதுகில் ஏறி, கழுத்தைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினாராம். பார்த்துப் பிரிப்பதற்குள் முடிந்துவிட்டது. இடத்துக்கான போட்டி என்று அந்தப் பிள்ளை மெதுவாக விளக்கினாள். விதானையார் பெண் என்பதும் இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. எங்கள் ஊர் விதானையாரை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி மட்டும்தான் புதிதாக இருக்கும்.

இந்த மலரை வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். நீ வளர்த்தவை நச்சு அம்புத் தவளைகள். தென்னமெரிக்கக் காடுகளில் பிறந்த இனம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. நீலம், மஞ்சள், சிவப்பு என்று இப்போதுதான் எனாமல் பூசி வைத்ததுபோல இருக்கும். அதில் பொன்னிறமான ஒன்றின் முதுகில் அம்பு முனையைத் தேய்த்துக்கொண்டு வேட்டைக்குப் போகும் மக்கள் அங்கே உண்டு. தகப்பன் தவளை தன் குஞ்சை முதுகில் சுமந்துபோய், இலை மடிப்பில் தேங்கிய தண்ணீரில் விடும். ஒரே தண்ணீரில் இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். இதை நீ றீற்றாவின் பிறந்தநாளில், அவள் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, விரிவாக விளக்கினாய்.

உலகம் முழுக்கத் தவளைகளின் தோலைத் தின்று கொல்லும் ஒரு பூஞ்சணம் இருக்கிறதாம். அதைப் படிக்கத்தான் அந்த நிலையம். அது காப்பாற்ற விரும்புவது இந்த நாட்டின் சொந்தத் தவளைகளை. மண்நிறம், சின்ன உருவம், கத்தவே கத்தாது. குடிவந்தவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் மாதிரி அதுதான் என்று நீ சொல்வாய். உன் மனம் என்னவோ பரிசோதனைக்கென்று வளர்க்கும் அந்த நிறக்காரர்களிடம்தான் இருந்தது.

அந்த வேலைக்கு முன் நீ மனுகாவில் ஒரு கராஜில் அடிபட்ட கார்களுக்கு ஸ்பிரே அடித்தவன். அதனால்தான் பாலும் பாணும் சிகரெட்டும் விற்கும் என் டெயரியின் பக்கச் சுவர் உன் கண்ணில் பட்டது. சிகரெட் வரி ஏறிய நாளிலிருந்து எங்கள் மனுரேவாவில் சிகரெட்டுக்காகக் கடைகளை அடித்து உடைப்பது ஒரு தொழிலாகிவிட்டிருந்தது. பொலிஸ்காரர் வந்து, ஆபத்து நேரத்தில் அழுத்தும் பொத்தானையும் பூட்டையும் பற்றி ஒரு துண்டறிக்கை தந்துவிட்டுப் போனார். நீ கார் பெயின்ட்டோடு வந்தாய்.

"அத்தான், குருவிக்கு வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும். இந்த நிறத்தில இருக்கிறதைத் தொட்டாச் சாவு எண்டு அதுக்கு விளங்கும்."

ஹூடி போட்டுக்கொண்டு வருகிறவன் குருவியா என்று கேட்டேன். அவனும் ஒரு பிராணிதானே என்றாய்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. என்னைவிட உயரமான தவளை. கார்களுக்கு அடிக்கும் மினுங்கல் நீலம், அதில் கறுப்புப் புள்ளிகள், தெருவையே முறைக்கிற ஒரு கண். தினமும் பால் வாங்க வரும் பரமேஸ்வரி அக்கா, ஜொகூர்க்காரர், எதையும் பாராட்டாமல் விடமாட்டார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. என்னா, காலையில பாத்தா அன்னிக்குப் பூரா சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்றார். நாலு மாதம் எங்கள் கடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அயலில் இரண்டு கடைகள் உடைபட்டன. நீ சுவரைத் தாண்டும்போது மெதுவாக நடந்தாய். நானும் நம்பத் தொடங்கினேன். படித்த மனிதன் நம்பத் தொடங்கினால் மற்றவர்களைவிடக் கேவலமாக நம்புவான்.

பிறகு அவர்கள் வந்தார்கள். பாண் வந்து இறங்கிய நேரம், நல்ல வெயில். கமராவில் பின்பு பார்த்தேன். உள்ளே வருமுன் அவர்களில் ஒருவன் உன் தவளையின் வயிற்றில் சாய்ந்து நின்று சப்பாத்து நாடாவைக் கட்டினான். பிறகு சுத்தியலால் கண்ணாடியை உடைத்தார்கள். என் தோளில் ஒரு அடி, காதோரம் ஒரு அடி. நான் பாலுக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் விழுந்து கிடந்தேன். ஒருவன் என் கையில் மிதித்துக்கொண்டு சிகரெட் அலுமாரியின் சாவி கேட்டான். நான் கொடுத்தேன். "பிளீஸ்" என்றும் சொன்னேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். போகும்போது தவளையின் கண்ணில் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார்கள், ஒரு காரணமும் இல்லாமல்.

மத்தியானம் காதில் தையலோடு கடைக்குத் திரும்பியிருந்தேன். நீ வேலையிலிருந்து நேரே வந்தாய். என்னைப் பார்த்தாய், கையைப் பிடித்தாய். பிறகு வெளியே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, மிச்சம் கிடந்த பெயின்ட் டின்னைத் திறந்து, கண்ணை மட்டும் திருத்தினால் போதும் என்றாய்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் நீ எனக்கு அந்த விசயத்தைச் சொல்லியிருந்தாய். காட்டுத் தவளைக்கு நஞ்சு வருவது அது தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும். உங்கள் அறையில் பிறந்தவற்றுக்கு நீங்கள் கொடுப்பது பழ ஈ. அதனால் அவற்றில் நஞ்சே கிடையாது. அதே நீலம், அதே புள்ளி, ஆனால் கையில் எடுத்து நக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சிரித்தாய்.

இன்னொன்றையும் நான் அறிந்திருந்தேன். அதைச் சொன்னது நீயல்ல, றீற்றா. எங்களுக்குக் கலியாணமான புதிதில், அழுதுகொண்டு, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். மன்னாரில் ஆட்கள் வந்து உங்கள் பெரியண்ணனை வீட்டிலிருந்து இழுத்து, முற்றத்தில் துவக்குப் பிடியால் அடித்து, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன அன்று, பத்தொன்பது வயதில் நீ கொட்டிலில் மீன்வலைகளுக்குள் படுத்துக் கிடந்தாய். வலைக் கண்களுக்குள்ளால் முழுவதையும் பார்த்தாய். அண்ணன் திரும்பி வரவில்லை.

அன்று மத்தியானம் நான் உனக்குச் சொன்னது இதுதான். பரமேஸ்வரி அக்கா பால் போத்தலோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீயும் அந்தத் தவளைதான்ரா. வெளியில நிறம், உள்ளுக்க பழ ஈ. அண்டைக்கு வலைக்குள்ள கிடந்தனி. இஞ்சயும் நீ ஒருத்தனுக்கும் முன்னால நிக்கமாட்டாய்."

நீ பெயின்ட் டின்னை மூடினாய். தும்புத்தடியை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினாய். அக்காவின் பாலைப் பையில் போட்டுக் கொடுத்தாய். போய்விட்டாய். அடுத்த நாள் வழமைபோல வந்தாய், அடுத்த கிழமையும் வந்தாய். நான் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. பகிடியாக எடுத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்திலும் பேச்சிலும் ஊரையே குத்திப் பழகியவன் நான். குத்துப்பட்டவர்கள் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என் போன்றவர்களின் தொழில் வசதி.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானும் றீற்றாவும் மனுகாவ் மோலுக்குப் போனோம். நீ கடையைப் பார்த்துக்கொண்டாய். இம்முறை ஒருவன்தான் வந்தான்.

றீற்றா அந்த வீடியோவைப் பார்க்க மறுத்துவிட்டாள். நான் பொலிஸ் நிலையத்தில் பார்த்தேன். உனக்குப் பின்னால் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. மூன்று எட்டு வைத்தால் உள்ளே போய்ப் பூட்டியிருக்கலாம். சிகரெட் அலுமாரியின் சாவி மேசையில் கிடக்கிறது. நீ கதவைத் திரும்பிப் பார்க்கிறாய். பிறகு மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கி வழிவிட்டு வெளியே வந்து, அவனுக்கு முன்னால், கைகள் இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். அவன் கத்துகிறான். நீ ஏதோ சொல்கிறாய். அவன் அடிக்கிறான். நீ விழவில்லை. மறுபடி சொல்கிறாய். இரண்டாவது அடி. மூன்றாவதற்குத்தான் முழங்கால் மடிகிறது. அதற்குப் பிறகு அவன் அடித்ததை நான் எண்ணவில்லை. உன் இரத்தம் சொக்லட் தட்டுவரை தெறித்திருந்தது. நான் அதைத் துடைத்தபோது அது காய்ந்திருந்தது.

படத்தில் சத்தம் இல்லை. உன் வாய் அசைவதை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அது உங்கள் பாஷையா, என்ன சொல்கிறார் என்று தெரிகிறதா என்று அந்தப் பொலிஸ் பெண் கேட்டாள்.

"நிக்கிறன்" என்றாய் நீ. இரண்டு தரமும் அதைத்தான் சொன்னாய்.

தெரியவில்லை என்றேன்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். செத்த வீட்டுக்கு வந்த பரமேஸ்வரி அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்தார். "அன்னிக்குக் கேட்டத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். அவர் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் நான் நிம்மதியாகத் துடைத்திருப்பேன்.

வியாழக்கிழமைச் சந்திப்பை நடத்தும் பெண்மணி போன கிழமை கடைக்கு வந்தார். மிக மென்மையானவர். இந்தச் சந்திப்பில் எது கிடைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டார். ஒரு சுத்தியல் என்றேன். அவர் பேனையை மூடிவைத்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்றார்.

உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் அவனைக் கொல்கிறேன். பாண் அடுக்கும்போது முழங்கால்களை உடைப்பேன். நூடில்ஸ் அடுக்கும்போது விரல்களை, ஒவ்வொன்றாக. ஆள் வந்தால் நிறுத்தி, பால் கொடுத்து, நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு, விட்ட விரலிலிருந்து தொடர்வேன். அவனுக்கு இருபத்தாறு வயதாம். கடிதம் எழுதியிருக்கிறான், மன்னிப்புக் கேட்டு. எழுத்துப் பிழைகளோடு, ஆனால் அவன் செய்ததை அவன் முழுக்க எழுதியிருக்கிறான். ஒன்றையும் மறைக்கவில்லை. அதை வாசித்த அன்று அவனை இரண்டு மடங்கு கொன்றேன்.

ஏனென்றால் ஊர் முழுக்க உன்னை வீரன் என்கிறது, நானும் தலையாட்டுகிறேன். பாதர் பிரசங்கத்தில் சொன்னார். ரொரன்ரோக் கவிதை சொல்கிறது. றீற்றா மட்டும் தலையாட்டுவதில்லை. அவளுக்கு உன்னைத் தெரியும். "அவன் கதவைத் திரும்பிப் பாத்தவன் எண்டு நீங்கள்தானே சொன்னியள். பாத்தவன் ஏன் போகேல்லை?" என்று கோப்பை கழுவும்போது கேட்பாள். சட்டை மடிக்கும்போது கேட்பாள். பதிலை எதிர்பாராத கேள்வி அல்ல அது, மச்சான். அவள் பதில் இல்லாமல் மெலிந்துகொண்டு போகிறாள். கடைசியில், அவள் கணவன் பக்கத்தில் இருக்கத்தக்கதாக, கொலைகாரனிடம் போய் அதைக் கேட்கப் போகிறாள்.

சுத்தியலை ஓங்கியது அவன். உன்னை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான். அதற்கு நான் பாவித்தது அவள் என்னை நம்பித் தந்த இரகசியம்.

ஆகவே, அன்ரன், இது வாக்கு. புதன்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொல்வேன். நான் சொன்ன சொல்லை, அதே சொல்லில். நீ சொன்னதையும். பகிடி சேர்க்கமாட்டேன். அவள் வியாழக்கிழமை தனியாகப் போகலாம். என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்துக் கதிரையில் இருத்தலாம். இந்தக் கடிதம் மலரில் இருந்தால், அவள் அறிந்த பிறகுதான் அது அச்சுக்குப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் இந்த இரண்டு பக்கத்தையும் வெறுமையாக விடச் சொல்லியிருப்பாள். அதுவும் அவள் உரிமை.

நீ என்னைக் கூப்பிட்ட முறை அவளால் எனக்குக் கிடைத்தது. அதை என்னிடம் விட்டுவைப்பாளா என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை வரையாவது,

உன் அத்தான்,
பிலிப்பு