யாரும் அணைக்காத சூடம்

திருச்சுழி
3.3.2025

அன்புள்ள ரோஷினி அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் கண் அயர்ந்தாள். போனில் பேசினால் பக்கத்திலேயே சூப்பர்வைசர் நிற்கிறாராமே. அதனால்தான் அங்கே நம் ஆட்களுக்கு உதவும் தங்கச்செல்வி அக்காவின் மெயிலுக்கு எழுதுகிறேன்.

உங்கள் முதலாளி ராஜகுருவின் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். "ஊர்ப்பிள்ளைகன்னு நம்பித்தான ஒம்பது பேரயும் எம் மகன் மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போனான்? பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சிருக்கான்னு எவனோ புகார் குடுத்திருக்கான். வெள்ளிக்கிழம இருளப்பசாமி கோயிலுக்கு ஒம்பது பொண்டாட்டிமாரும் வாங்க. புகார் குடுத்தது எம் புருசன் இல்லைன்னு எரியிற சூடத்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. எவ தயங்குறாளோ அவ புருசன்தான்" என்றார்கள்.

நீங்களா? வேலை பர்மிட் முடிந்த நீங்கள் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் பிடிப்பது உங்களைத்தானே? எம்.காம். படித்தும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

காளீஸ்வரி

கிள்ளான், மலேசியா
5.3.2025

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நான்தான்.

பர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டவரும் ராஜகுருதான். வெளியே போனால் போலீஸ் பிடிக்கும் என்று ஓட்டலுக்குப் பின்னால் எங்களைப் பூட்டி வைப்பவரும் அவர்தான். மாரிசெல்வத்தின் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் தொழிலாளர் துறை அதிகாரிகள் வருவார்கள் என்கிறார் தங்கச்செல்வி அக்கா. அதற்குள் என் பெயர் தெரிந்தால் ராஜகுரு என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார். பிறகு மற்ற எட்டுப் பேரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிள்ளையை வைத்துக்கொண்டு நீ பொய்ச் சத்தியம் செய்யாதே. உனக்குச் சரியென்று பட்டதைச் செய். எதுவானாலும் கோபப்பட மாட்டேன்.

ஜெகதீஸ்வரன்

திருச்சுழி
7.3.2025

அன்புள்ள ரோஷினி அப்பாவுக்கு,

இன்றும் நேரமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போனேன். "அத்தை, சத்தியம்னா ரெண்டு பக்கமும் பண்ணணும்ல. பாஸ்போர்ட்டு ஒங்க மகன்கிட்ட இல்லைன்னு மொதல்ல நீங்க அணைங்க. பின்னாடியே நாங்க ஒம்பது பேரும் அணைக்கிறோம்" என்றேன்.

"ஏன்டி, படிச்ச கொழுப்பா?"

மாரிசெல்வத்தின் மனைவி பிரவீணா விடவில்லை. "கொழுப்பு என்ன சித்தி? நாங்களா கேக்கோம், சாமில்ல கேக்குது. கைய வைங்க."

ராஜகுருவின் அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து எங்களோடு நின்றார்கள். சூடம் தானாகவே எரிந்து அடங்கியது. ஒன்பது பேருமே கை வைக்கவில்லை என்றால் யாரை என்று சந்தேகப்படுவார்கள்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. பேச்சை ஆரம்பித்தவள் நான். அதை வைத்தே உங்களைக் கண்டுபிடித்திருப்பார்களோ?

ஆனாலும் ஒன்று. அப்பா மலேசியாவில் என்ன செய்தார் என்று நாளைக்கு ரோஷினி கேட்டால், புரோட்டா போட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன்.

அதிகாரிகள் என்றைக்கு வருகிறார்கள்? எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு வரியானாலும் போதும், சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்
காளீஸ்வரி