பிறந்தநாள் மேசையில் என் பேனை

சனிக்கிழமை இரவு, ஸ்ட்ராத்ஃபீல்ட்.

நாளை பேத்திக்கு ஒரு வயது. மருமகள் சூஜினும் அவளுடைய தாயும் கொரிய முறைப்படி மேசையை இன்றே அலங்கரித்தார்கள். வானவில் நிறத்தில் அரிசிக் கேக், பழக் கோபுரங்கள். முன்வரிசையில் குழந்தை எடுப்பதற்குச் சில பொருள்கள். எதை எடுக்கிறாளோ அதுதான் அவளுடைய வருங்காலமாம்.

நானும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம் என்றாள் சூஜின். என் பேனையை வைத்தேன். மகன் உடனே அதைத் தூக்கிவிட்டான்.

"பேனை வேண்டாம் அப்பா. நீங்கள் பேப்பரில எழுதி, நாங்கள் நாட்டை விட்டு ஓடினது போதும்."

"ஒரு வயசுப் பிள்ளை யாருக்கு எதிரா என்னத்தையடா எழுதப்போகுது?"

"உங்கட பேத்தியெல்லோ. எழுதுவாள்."

இதை மகன் சூஜினுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவள் தாய்க்குக் கொரிய மொழியில் சொன்னாள். அந்த அம்மா பேனையை வாங்கினார். மேசையிலிருந்த நூல் கட்டைப் பிரித்து அதன்மேல் சுற்றத் தொடங்கினார். நூல் நீண்ட ஆயுளுக்காம்.

இப்படியும் வழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.

மகன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனையை அவரிடம் வாங்கி, மீதி நூல் முழுவதையும் தானே சுற்றினான்.