முழங்கால் ஆழத்து மண்

அக்கா,

லூபோக் சீனா தோட்டத்து மண் கொஞ்சம், பிளாஸ்டிக் பையில் என் வீட்டு மேசை மேல் கிடக்கிறது. பையைப் பிரித்ததும் ஈரமும் ரப்பர் இலை மக்கிய வாடையும் வந்தன. கையைக் கழுவிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் நாலு வருஷமாகிறது. படிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மண்ணில் கதிரியக்கம் எவ்வளவு என்று அளக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெகுகாலமாக யாரும் கொத்தாத நிலம் வேண்டும் என்றாள். சதுப்பு ஓரத்து மேட்டைக் காட்டினேன். மறுநடவில்கூட யாரும் தொடாத இடம். வருஷா வருஷம் உங்கள் பிள்ளைக்குப் பால் ஊற்றினீர்களே, அந்தப் பலா மரம் நிற்கும் மேடு. மரத்தடியில் ஒன்று, இருபதடி தள்ளி ஒன்று என்று குழாயை இறக்கி, மேல்மண், சாண் ஆழம், முழங்கால் ஆழம் எனத் தனித்தனியாக எடுத்துப் போனாள்.

நேற்று முடிவோடும் மிச்ச மண்ணோடும் வந்தாள். "மண்ணோட பொறந்த கதிர் ஒண்ணு இருக்கு ஆன்ட்டி, அது மேலயும் கீழயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இன்னொண்ணு மனுசன் செஞ்சது. அந்தக் காலத்துல எங்கெங்கயோ குண்டு வெடிச்சுப் பாத்தாங்கல்ல, அந்தத் தூசி மழையில இறங்கி மேல்மண்ணுல ஒட்டிக்கும். மரத்தடியில அப்படித்தான் இருக்கு. தள்ளி எடுத்த இடத்துல மட்டும் முழங்கால் ஆழத்துலயும் இருக்குலா. தூசி விழுந்த பிறகு யாரோ தோண்டி மூடியிருக்காங்க."

அளவு ரொம்பக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தாள். நான் என் காப்பியைத் தள்ளி வைத்தேன். அந்த மேட்டில் அந்த ஒரு நாளைத் தவிர யாரும் எதற்கும் தோண்டியதில்லை.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அப்போது. நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. உங்கள் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டான். நீங்கள் பச்சை உடம்புக்காரி, எழுந்து வர முடியாது. அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். மண்வெட்டி தூக்க, பக்கத்து வீட்டுக் குமரி நான் கூடக் கிளம்பினேன். பச்சைக் குழந்தையின் குழிக்கு அடையாளம் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அண்ணன் ஒரு குச்சிகூட நடவில்லை, உங்களிடமும் இடத்தைச் சொல்லவில்லை. அடுத்த மாதமே, காட்டிலிருந்தவர்களுக்கு அரிசி கொடுத்தார் என்று அவரைப் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்; அங்கேயே இறந்தும் போனார்.

"எந்த இடம்டி?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

"பலா மரத்தடிதான் அக்கா."

"நீயாச்சும் கூட இருந்தியே, அது போதும்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அரிசி கடத்துகிறோமோ என்று துணியைப் பிரித்துப் பார்த்தார். அண்ணன் பிள்ளையைத் திரும்பச் சுற்றினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மண்வெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் தனியாக அந்த மேட்டுக்குப் போனார், தனியாகத் திரும்பினார். குழிவரை நான் போகவேயில்லை, அக்கா. கோழை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்த மரத்தைச் சொன்னேன். நீங்கள் சாகும்வரை வெறும் மண்ணைக் கும்பிட வைத்தேன்.

"அங்க என்ன இருந்துச்சு ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கிளம்பும்போது கேட்டாள்.

உங்கள் பிள்ளை இருக்கும் இடம் தெரிந்த ஒரே உயிர் இன்று நான்தான். "தெரியாதும்மா" என்றேன்.