அலமாரியில் உன் பெயரோடு இருக்கும் நரி

என் பிரியமுள்ள சுகுணா,

நீ போன பிறகு ஒரு ஆடிக் கிருத்திகை வந்து போய்விட்டது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நீ பத்தாவது வரை போனவள். நான் ஆறாவதோடு ஆடு ஓட்டப் போனவள்.

பெரியப்பா நன்றாக இருக்கிறார். பெரியம்மா உன் தாவணிகளை எனக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மாம்பழக் கலர் தாவணி உன்னைவிட எனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

உன் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரி அப்படியே இருக்கிறதாம். முள்ளம்பன்றி முள், உடும்பின் தாடை, கீரி மண்டை, முயல் மண்டை, எல்லாவற்றின் கீழும் 'சேகரித்தவர்: சுகுணா' என்று சீட்டு. மலைக்குப் பின்பக்கம் வெயிலில் அலைந்து, புதருக்குள் கையை விட்டு அவற்றை எடுத்தவள் யார்? முயலுக்கு மேல் முன்பல் இரண்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பல் ஒளிந்திருக்கும் என்று முதலில் பார்த்தவள் யார்? ஓடை மணலில் உடும்பு வால் இழுத்த கோட்டைக் கண்டு நீ அலறினபோது, "பாம்பு இல்லடி, ரெண்டு பக்கமும் நகம் பாரு" என்று சொன்னவள் யார்? நான் சொல்வேன், நீ எழுதிக்கொள்வாய். மறுநாள் நீ சொல்வாய், வகுப்பே வாய் பிளந்து கேட்குமாம்.

"உன் பேரும் எழுதச் சொல்லட்டா தேசம்மா?" என்று ஒருநாள் கேட்டாய். "வேணாம்டி, எனக்கு இன்னாத்துக்கு?" என்றேன். இன்னொரு தடவை கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. அன்றிலிருந்து உன் பின்னலைப் பார்த்தால்கூட எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கப்புறம்தான் ஓடைப் பள்ளத்தில் அந்த மண்டை கிடைத்தது. கையில் தூக்கிக்கொண்டு குதித்தாய். "நரிடி! நரிதானே இது?"

நரிக்கு நெற்றியும் மூக்கும் ஒரே சரிவாக இறங்கும். நாய்க்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு படி இறங்கும். நீ பிடித்திருந்த மண்டையில் படி இருந்தது. இடது கோரைப்பல் வேறு பாதி உடைந்திருந்தது. கே.ஜி.கண்டிகை ரோட்டு டீக்கடையில் கிடந்து காணாமல் போன செவலை நாய்தான் அது. நீயே அதற்குப் பன் பிய்த்துப் போட்டிருக்கிறாய்.

"ஆங்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என்றைக்காவது விவரம் தெரிந்த ஒருவர் வருவார், எல்லோர் முன்னாலும் "இது நாயாச்சேம்மா" என்பார், நீ தலையைக் குனிவாய் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. உனக்குக் காய்ச்சல்தான் வந்தது, உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போயும் நீதான் ஜெயித்தாய். அலமாரி மேல் உன் பெயரைப் பெயிண்டில் எழுதினார்கள். நடுத் தட்டில் உன் நரி. நைனா டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு ஆடு ஓட்டிகினு கீது. எங்க அண்ணம் பொண்ணு நரியையே கண்டுபுட்ச்சிது" என்கிறார். செவலை படுத்துக்கிடந்த அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

போன வாரம் ஏழாவது படிக்கும் இரண்டு பெண்கள் ஓடைப் பக்கம் அழுதபடி வந்தார்கள். ஒருத்தி கையில் மஞ்சள் பை.

"இன்னாடி, அழுதுகினு வர்றீங்க?"

"நரி மண்டைன்னு எடுத்துகினு போனோம்கா. சாரு அலமாரில கீறதோட வெச்சுப் பாத்தாரு. சுகுணாக்கா நரி மாதிரி இல்ல, இது நாயி, தூக்கிப் போடுங்கன்னுட்டாரு."

"கிளாஸே எங்களப் பாத்து லொள்ளு லொள்ளுன்னுதுக்கா" என்றாள் மற்றவள்.

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒடுங்கிய மூக்கு. படியே இல்லாத சரிவு. கிடைத்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கே ஈர மணலில் புதுக் காலடிகள் ஒரே நேர்க்கோட்டில் போயிருந்தன. நடு விரல் இரண்டும் அடியில் ஒட்டியிருந்தன. நாய்க்கு அப்படி ஒட்டாது.

"இது நரிதான்டி. இங்க நரி நடமாடிகினுதான் கீது" என்றேன்.

"அப்போ சுகுணாக்காது?"

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் காத்திருந்த நாள் வந்துவிட்டது சுகுணா. ஒரு வார்த்தை சொன்னால் உன் நரி குரைத்துவிடும். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று மூன்று நாளாக யோசித்தேன். எந்த எலும்பைத் தூக்கினாலும் நீ எலும்பைப் பார்த்ததில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாய். சாரிடம் படம் போட்ட புத்தகம் இருந்தது. ஆனாலும் நான் ஆங் சொல்லாமல் நீ ஒரு சீட்டும் எழுதினதில்லை. அந்த உடைந்த பல்லை நீயும் விரலால் தடவிப் பார்த்தாயே. உனக்குச் சந்தேகமே வரவில்லையா? வந்தும் என்னை நம்பினாயா?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறேன். நான்கு வருஷமாகத் தாண்டாத கேட். "சார், அவ கேட்டா. தெரிஞ்சே ஆங்னு சொன்னது நான்" என்று சொல்வேன். டீக்கடை சிரிக்கும். நைனா என்ன சொல்வாரோ. பெரியம்மா தாவணியைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பாள். கேட்டால் கொடுத்துவிடுவேன்.

நடுத் தட்டில் அந்தப் பெண்களின் நரி இருக்கட்டும், அவர்கள் பெயரோடு. பழைய மண்டைக்குப் புதுச் சீட்டு எழுதச் சொல்வேன். 'நாய். சேகரித்தவர்: தேசம்மா.' மற்ற எதிலும் உன் பெயரை எடுக்க விடமாட்டேன், சத்தியம்.

முயலில் மட்டும் உன் பெயருக்குக் கீழே என் பெயரும் வேண்டும். அந்தக் குட்டிப் பல் நான் பார்த்தது. பொறாமை இன்னும் போகவில்லை, என்ன செய்ய? "உன் பேரும் எழுதட்டுமா?" என்று சார் கேட்டால், இந்தத் தடவை வேணாம் என்று சொல்லமாட்டேன்.

மூன்று மாதம்தானே பெரியவள் என்று ஒருநாளும் உன்னை அக்கா என்று கூப்பிடாத,
உன் சித்தப்பா மகள், தங்கச்சி
தேசம்மா