தாமல் ஏரிக்கரைக்கு ஒரு ஜீப்

செப்டம்பர் 3, செவ்வாய்

நதியா அக்கா கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தாள், அம்மா எழுப்பிவிட்டாள். கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. வாலாஜாபாத் அரிசி மில்லில் பல வருஷம் சும்மா நின்ற ஜீப்பை அவள் வாங்கி வந்ததை வீட்டில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

தாமல் பக்கத்து ஊர்களில் பால் எடுப்பது அவள் வேலை. மழை வந்தால் ஏரிக்கரைப் பாதை சேறாகிவிடும். அவளுடைய குட்டியானை வேன் சிக்கி நின்றுவிடும். போன வருஷமே பால் சங்கத் தலைவி கிருஷ்ணவேணியம்மா சொல்லிவிட்டார் — இன்னொரு மழைக்குப் பால் கெட்டால் வேறு ஆள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், ஐப்பசிக்குள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மெக்கானிக் ஜெபகுமார் அண்ணன் ஷெட்டில் மதியம் முழுக்க. முன் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஆயில் தார் மாதிரி இறுகியிருந்தது. பல்சக்கரங்களை டீசலில் கழுவி, அக்கா ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்தாள். எந்தப் புத்தகத்தையாவது நான் அப்படிப் படித்திருக்கிறேனா?

செப்டம்பர் 29, ஞாயிறு

முன் சக்கர இழுவைக்கான லீவர் சரியாக இடத்தில் விழுந்தது. நாலு சக்கரமும் சுற்றின. நான் கைதட்டினேன். அக்கா, "பிரேக்க பாக்கணும்" என்றாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பழைய டிரம் பிரேக் ஈரத்தில் பிடிக்காதாம், அதுவும் பால் கேன் பாரத்தோடு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுகிறார்கள். பூட்டுகிற வேலையை அக்கா யாருக்கும் விடவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ரெண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது. பிரேக் ஆயில் குழாயில் காற்று இருக்கிறதாம். எடுக்க எடுக்கத் தீரவில்லை. வெளியே மழை.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியும் முன்பே கிருஷ்ணவேணியம்மா போன். கரையில் சேறு, ஜீப் வருமா என்று.

ரெண்டு வாட்டி மிதித்தால் நிற்கிறதே, போய்ட்டு வாயேன் என்றாள் அம்மா. நானும் அதையேதான் சொன்னேன்.

"கரை மேல எருமை குறுக்க வந்தா ரெண்டாவது வாட்டி மிதிக்க டைம் குடுக்குமா?"

போனில் சொன்னாள்: "இன்னிக்கு வரலம்மா. பிரேக் சரியில்ல. பாலுக்கு இப்பவே வேற வழி பாத்துடுங்க." அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. இனிமேலுக்கும் வேற ஆளையே பார்த்துக்கறோம் என்று எனக்கே கேட்டது.

அதன்பிறகு அக்கா போன குளியலறையில் ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

நானா இருந்தா போயிருப்பேன். பயந்து பயந்து மிதிச்சுக்கினே போயிருப்பேன் — இல்லேன்னு சொல்ற தைரியம் எனக்கு எங்க இருக்குது?

அக்டோபர் 16, புதன்

அக்காவே கண்டுபிடித்தாள். டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறாள். காற்றை வெளியே விடும் நிப்பிள் மேலே இருக்க வேண்டியது, கீழே போய்விட்டது. காற்று மேலேயே தங்கிவிட்டது. ஷெட்டில் எல்லார் முன்னாலும் "என் தப்புதான்" என்றாள், டீ சொல்லுகிற குரலில்.

"நல்லவேளம்மா, நீ டாக்டருக்குப் படிக்கல. பேஷண்டுக்கு ரெண்டு கையும் மாத்தி வெச்சு அனுப்பியிருப்ப" என்றார் ஜெபகுமார் அண்ணன். அதிகம் சிரித்தது அக்காதான்.

மாற்றிப் பூட்டினார்கள். பெடல் முதல் மிதியிலேயே கல்லாக நின்றது. போக ஊர்தான் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

லீவு போட்டு அக்காவோடு போனேன். தார் ரோட்டு ஊர்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவை இனி வராது. கரை ஊர்களுக்கு அந்த ஆள் ரெண்டு நாள் வந்து, விட்டுவிட்டார். நேற்று மாலை கிருஷ்ணவேணியம்மா தானே கூப்பிட்டார்.

சேற்றில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. அந்தம்மா குடையோடு காத்திருந்தார். கோபம் தீர்ந்ததா என்று அக்கா கேட்டதற்குக் கொஞ்சம் முறைத்தார்.

"வரமாட்டேன்னு நேரத்தோட சொன்னது நீ ஒருத்திதாம்மா. அன்னிக்குப் பாலத் தயிருக்குப் போட்டுட்டோம். அந்த ஆளு தோ வரேன், தோ வரேன்னு சொல்லிக்கினே இருந்தான். மொத்தமும் திரிஞ்சு போச்சு."

அக்கா கேனின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறு பிடியை நான் பிடித்தேன்.